பொழுதுபோக்காக ஒரு தறி: இன்பம், ஓய்வு, பிழை செய்யும் உரிமை

'கைநெசவு ஒரு நல்ல பொழுதுபோக்கு' என்று யாரோ எழுதியிருந்ததை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "எங்க பொழுதெல்லாம் அதுலதானே போச்சு" என்றார்.

பொழுதுபோக்கு என்கிற வார்த்தைக்குள் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் பொழுதைப் போக்குகிறவர். இன்னொருவர் பொழுது போய்விட்டவர். அம்மா ஒரே வாக்கியத்தில் முதலாமவரைக் கீழே இறக்கிவிட்டு இரண்டாமவரைக் காட்டிவிட்டார். கோட்பாடு பேசுகிற நமக்கு இதற்கு நாலு பக்கம் தேவைப்படுகிறது.

விஷயம் இதுதான். சென்னையில் ஆசிரியையாக இருக்கும் சிநேகிதி ஒருவர் மேஜைமேல் வைக்கிற சின்னத் தறி ஒன்றை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் நெய்கிறார். கழுத்துத் துண்டு, மேஜை விரிப்பு, இந்த மாதிரி. விற்பதில்லை. நெய்வதைப் பற்றி அவர் பேசும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வருகிறது. கூட இருந்த தோழர் ஒருவர் உடனே, "இது நடுத்தர வர்க்கச் சொகுசு" என்று சொல்லி விவாதத்தை முடித்துவிட்டார். முடித்த வேகம்தான் எனக்கு உறுத்தலாக இருந்தது. உழைப்பில் இன்பம் என்கிற பேச்சு எழுந்தாலே, அதை முதலாளித்துவத்தின் ஏமாற்று என்று ஒதுக்கி வைத்துவிட்டு, உழைப்பின் துயரத்தை மட்டும் நம் சொத்தாக வைத்துக்கொள்கிறோம். துயரத்தை மட்டும் பேசுகிற அரசியல், துயரப்படுகிறவர்களுக்கு எதை வாங்கித் தரப்போகிறது என்பது வேறு கேள்வி.

முதலில் அந்த இன்பத்தை மறுக்காமல் பார்ப்போம். பாவு இழைகள் மேலும் கீழுமாகப் பிரிகின்றன. நடுவில் திறக்கும் வழியில் நாடா போகிறது. பின்னால் ஊடை இழை ஒன்று படுத்துக்கொள்கிறது. அச்சுப் பலகையை இழுத்து ஒரு தட்டு. மறுபடி பிரிகிறது, இப்போது மாறி. கையும் கண்ணும் (குழித்தறி என்றால் காலும்) ஒரே தாளத்துக்கு வந்தபின் மனசு எங்கோ போய்விட்டு வரலாம், துணி வளர்ந்துகொண்டிருக்கும். ஒரு இழை அகலம் என்பது ஒன்றுமேயில்லை. ஆனால் திரும்பிப் பார்த்தால் ஒரு சாண் துணி இருக்கிறது. நாம் பார்க்கிற வேலைகளில் பெரும்பாலானவற்றில் சாயங்காலம் திரும்பிப் பார்த்தால் என்ன இருக்கிறது? கோப்பு நகர்ந்திருக்கும். கையெழுத்து விழுந்திருக்கும். செய்தது இது என்று தொட்டுக் காட்ட ஒன்றும் இருக்காது. சிநேகிதியின் வெளிச்சம் அங்கிருந்து வருகிறது. அந்நியமாதலைப் பற்றி அவர் ஒரு வரிகூடப் படித்ததில்லை, அதற்கு எதிர்ப்பதம் என்ன என்பதைக் கையால் தெரிந்துவைத்திருக்கிறார்.

என் அப்பாவுக்கும் இது தெரியாததல்ல. புதுப் பாவு ஏறின அன்று, முதல் முழம் விழும்போது அவர் குரல் மாறிவிடும். பழைய பாட்டு ஏதாவது முணுமுணுப்பார். இரண்டாம் நாள் பாட்டு நின்றுவிடும். சனிக்கிழமைக்குள் அறுத்துக் கொடுத்தாக வேண்டும். அந்தக் கணக்கு தறிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டால் தாளம் வேறு ஆளுடையதாகிவிடும். மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறும், தெருவில் பாவு நீட்ட முடியாது, கூலியும் இருக்காது. ஆக, இன்பம் தறியில் இல்லாமல் இல்லை. தறிக்கும் நெய்கிறவனுக்கும் நடுவில் நேரம் யாருடையது என்கிற கேள்வி இருக்கிறது.

இந்த இன்பத்தை ஒரு கொள்கையாகவே ஆக்கியவர் வில்லியம் மாரிஸ். 1879இல், லண்டன் ஹேமர்ஸ்மித்தில் இருந்த தன் வீட்டின் படுக்கையறையில் தறியை நிறுத்தி, பழைய பிரெஞ்சுக் கையேடு ஒன்றைப் பார்த்துச் சித்திரத்திரை நெய்யத் தானே கற்றுக்கொண்டார். முதல் திரைக்கு 516 மணி நேரம் ஆனதாகக் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். (கூலிக்காக அல்லாமல் மணிக்கணக்கு எழுதுவது எத்தனை சுகமான விஷயம்!) தறியில் உட்கார்ந்தபடியே காவியம் கட்டத் தெரியாதவன் பேசாமல் இருப்பது நல்லது என்கிற பாணியில் அவர் சொன்னதாக ஒரு பேச்சும் உண்டு. மாரிஸ் சோஷலிஸ்ட். பயனுள்ள வேலையில் இன்பம் இருக்க வேண்டும், இன்பமில்லாத உழைப்பு அடிமைத்தனம் என்று தெருமுனைகளில் பேசியவர். அவரைக் கேலி செய்வது சுலபம். நான் செய்யப்போவதில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1881இல் மெர்ட்டன் ஆபியில் பட்டறை போட்டபின் சித்திரத்திரைகளை நெய்தவர்கள் சிறுவர்கள். உருவங்களை வரைந்தவர் பெரும்பாலும் பர்ன்-ஜோன்ஸ். பிஞ்சு விரல்கள் நெசவுக்கு வாகு என்பது சொல்லப்பட்ட காரணம். மாரிஸுக்கு 516 மணி நேரம் கண்டுபிடிப்பு. பையன்களுக்கு அது வேலை. அவர்கள் நல்லபடியாகவே நடத்தப்பட்டார்கள், சரி. என்ன நெய்வது என்பதை மட்டும் அவர்கள் தீர்மானிக்கவில்லை.

மாரிஸின் அச்சு இயந்திரத்துக்கும் நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. முத்து குமாரசாமி என்ற கொழும்புத் தமிழரின் மகன் ஆனந்த குமாரசாமி, 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூல், மாரிஸ் பயன்படுத்திய அந்தக் கையச்சு இயந்திரத்தில்தான் அச்சானது. குமாரசாமியோடு இலங்கைக்கு வந்து, கிராமங்களில் கைவினைகளைப் பார்த்துக் குறிப்பெடுத்தவர் அவருடைய முதல் மனைவி எதெல். இருவரும் பிரிந்தபின் எதெல் மேரே என்ற பெயரில் இங்கிலாந்தின் டிட்ச்லிங் கிராமத்தில் நெசவுப் பட்டறை வைத்தார். 1916இல் தாவரச் சாயங்கள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். இருபதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கைநெசவு மறுமலர்ச்சி என்று பேசுகிறவர்கள் அவரிடமிருந்துதான் தொடங்குகிறார்கள். அங்கே ஓய்வு நேரத்தில் நெய்கிறவர்களின் ரசனைக்குப் பின்னால் இங்கே பெயரில்லாமல் நெய்தவர்களின் கை இருக்கிறது. குமாரசாமி அந்தக் கையை மிகவும் போற்றினார். சாதித் தொழிலையும் சேர்த்தே போற்றினார். கைவினைஞன் தன் குலதர்மத்தில் நிறைவு காண்கிறான் என்கிற அவரது சித்திரத்தில், பையன் வேறு வேலைக்குப் போக விரும்பினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இடமே இல்லை.

அடுத்தவர் காந்தி. 1922 மார்ச்சில் அகமதாபாத் ராஜத்துரோக வழக்கில் அவருடைய தொழில் 'விவசாயி, நெசவாளர்' என்று பதிவாயிற்று. பாரிஸ்டர் தன்னை நெசவாளர் என்று நீதிமன்றத்தில் அறிவித்துக்கொள்வது பெரிய அரசியல் செயல்தான், சந்தேகமில்லை. அதே சமயம், 'நெசவாளர்' என்பதைத் தானாக எடுத்து மாட்டிக்கொள்ளக்கூடியவர்களும், பிறப்பிலேயே மாட்டப்பட்டு அவிழ்க்க முடியாதவர்களும் ஒரே பதிவேட்டில் ஒரே சொல்லால் குறிக்கப்படுகிறார்கள். காந்தியிடம் பொழுதுபோக்கு என்கிற பேச்சுக்கே இடமில்லை. அவருக்கு அது வேள்வி. 1924இல் காங்கிரஸ் உறுப்பினராக மாதம் 2000 கெஜம் நூல் தர வேண்டும் என்று விதி வந்தது. 1925இல் தாகூர் எதிர்த்து எழுதினார். எல்லோரும் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது மனசை மழுங்கடிக்கும் என்பது அவர் வாதத்தின் சாரம். தாகூரின் எரிச்சல் கவிஞனுடையது. பெரியாருடையது வேறு. கதர் மூட்டையைத் தோளில் சுமந்து விற்றவர், காங்கிரசை விட்டு வெளியேறியபின் அந்த மூட்டைக்குள் வேறு என்னென்ன கட்டிக் கொடுக்கப்பட்டிருந்தது என்று அவிழ்த்துப் பார்த்தார்.

இந்த விவாதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அம்பேத்கர். காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதோருக்குச் செய்தது என்ன என்ற 1945 நூலில், இயந்திரத்தை எதிர்ப்பது என்பது உழைக்கிறவனின் ஓய்வை எதிர்ப்பது என்கிற இடத்துக்கு அவர் வருகிறார். மிருகத்தைப்போலப் பாடுபட்டுத் தீர்வதற்கும் மனித வாழ்க்கைக்கும் உள்ள வித்தியாசம் ஓய்வில் இருக்கிறது, அதை எல்லோருக்கும் சாத்தியமாக்க இயந்திரம் வேண்டும் என்பது வாதம். நம் விமர்சகர்கள் இதை வெறும் நவீனத்துவ வாதமாகப் படித்துவிட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓய்வு ஒரு உரிமைப் பிரச்சினை என்று சொன்னது அந்தப் பக்கங்கள்தான். அம்பேத்கரை அங்கே வைத்தால் மாரிஸின் கேள்வி தலைகீழாகிவிடுகிறது. வேலையில் இன்பம் உண்டா இல்லையா என்பது பிறகு. வேலையை நிறுத்த முடியுமா என்பது முதல்.

இதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. தறியில் உட்கார்ந்தவர்களே பொழுதுபோக்கு வைத்திருந்த காலம். ஈ.பி. தாம்சன் 1963இல் வெளியிட்ட இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்க வரலாற்றில் நெசவாளர்களுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. லங்காஷயர் கைத்தறி நெசவாளர்களில் தாவரவியல் ஆசாமிகள் இருந்தார்கள், கணக்குப் போடுகிறவர்கள் இருந்தார்கள். லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டு நெசவாளர் வட்டாரத்தில் 1717இலேயே கணிதச் சங்கம் ஒன்று தொடங்கியது. பெய்ஸ்லி நெசவாளர்கள் கரை கட்டின மாதிரி இதழோரம் கொண்ட பிங்க் பூ வகைகளை வளர்த்துப் பேர் வாங்கினார்கள். பிரெஸ்ட்விச்சைச் சேர்ந்த ஜான் ஹோர்ஸ்ஃபீல்டு என்ற நெசவாளர், லின்னேயஸின் தாவர வகுப்புகளின் பட்டியலைத் தன் தறிக்காலில் குத்தி வைத்து, நெய்துகொண்டே மனப்பாடம் செய்தார். அவர் உருவாக்கிய டாஃபடில் வகைக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. இவர்களுக்குத் தறி வீட்டில் இருந்தது, எப்போது உட்காருவது எப்போது எழுவது என்பது ஓரளவு தங்கள் கையில் இருந்தது. திங்கட்கிழமை தறியைத் தொடுவதில்லை என்பதும் வழக்கமாக இருந்தது. கூலி விழ விழ, பழைய கூலிக்கு இரட்டிப்பு நேரம் நெய்ய வேண்டியதாயிற்று. முதலில் பூச்செடி போனது. பிறகு விசைத்தறி வந்து தறியும் போனது. 1820களில் பிரிட்டனில் சுமார் 2 லட்சத்து 40 ஆயிரமாக இருந்த பருத்திக் கைத்தறி நெசவாளர்கள் 1850 வாக்கில் 43 ஆயிரமாகிவிட்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். மாரிஸ் படுக்கையறையில் தறி நிறுத்தியபோது அந்தத் தலைமுறை ஏறக்குறைய முடிந்துவிட்டது.

அதாவது, நெசவாளிக்குப் பூச்செடி பொழுதுபோக்காக இருந்த நாட்டில், நெசவாளி இல்லாமல் போனபின் நெசவு பொழுதுபோக்காயிற்று. அங்கே அது இறந்தவரின் சட்டையைப் போட்டுப் பார்ப்பதுபோல. யாரும் வந்து 'கழட்டு' என்று கேட்கமாட்டார்கள். நம் நிலைமை அப்படியில்லை. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 35 லட்சம் பேர் நெசவிலும் அதைச் சார்ந்த வேலைகளிலும் இருக்கிறார்கள். நெய்கிறவர்களில் பெரும்பான்மை பெண்கள். சட்டைக்கு உரியவர் அடுத்த தெருவிலேயே இருக்கிறார். 2015இலிருந்து ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி தினம் (முதல் விழா சென்னையில்தான் நடந்தது). 2020 ஜூலையில் அகில இந்தியக் கைத்தறி வாரியம் கலைக்கப்பட்டது. தினம் இருக்கிறது, வாரியம் இல்லை. இதற்கு மேல் இதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

எழுதுகிறவர்களான நாமும் இதில் கைசுத்தமானவர்கள் அல்ல. தமிழில் நூல் என்றால் இழையும்தான் புத்தகமும்தான். பனுவலும் அப்படியே. நன்னூல் பாயிரம் சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், வாயைக் கையாகவும், அறிவைக் கதிராகவும் உவமிக்கிறது. பிரதி என்பதே ஒரு நெசவு என்று ரொலான் பார்த் 1973இல் எழுதியதை நாம் தலையில் வைத்துக் கொண்டாடினோம், எங்களிடம் முன்பே இருக்கிறது என்று மார்தட்டவும் செய்தோம். இரண்டிலும் ஒரே விஷயம் நடக்கிறது. நூற்கிற பெண்ணின் கை உவமானத்துக்குள் போகிறது, புலவனின் வாய் வெளியே வருகிறது. சங்கப் பாடல்களில் நூற்கிறவள் அநேகமாக ஆண்துணை இல்லாத பெண். விளக்கை வைத்துக்கொண்டு ராத்திரியில் நூற்கிறாள். அவளுக்கு அது உவமை இல்லை, கஞ்சி. 'கவிதை நெய்கிறேன்' என்று பேட்டி கொடுக்கிறவர்கள் ஒரு தடவை தார் சுற்றிப் பார்க்கலாம். திட்டுவதற்காகச் சொல்லவில்லை. சுற்றினால் உவமை இன்னும் நன்றாக வரும் என்றுதான் சொல்கிறேன்.

பிழைக்கு வருவோம். பொழுதுபோக்கு நெசவின் இன்பத்தில் ஆகப் பெரிய பங்கு பிழை செய்யலாம் என்பது. ஜப்பானில் மிசாவோ ஜோ என்ற பெண் ஐம்பது வயதைத் தாண்டியபின் நெய்யத் தொடங்கினார். அவர் நெய்த ஒரு இடுப்புக்கட்டுத் துணியில் பாவில் ஒரு இழை விட்டுப்போயிருந்தது. நெசவுத் தொழில் நடத்துகிறவர் பார்த்து, இது குறை, விலை போகாது என்றார். ஜோவுக்கு அந்த இடம்தான் அழகாகப் பட்டது. பிறகு வேண்டுமென்றே இழைகளை விட ஆரம்பித்தார். சாஓரி என்று பெயர் வைத்தார். மாதிரி கிடையாது, தவறு கிடையாது. இன்று மாற்றுத்திறனாளிகள் சேர்ந்து நெய்கிற இடங்கள் பலவற்றில் இந்த முறை இருக்கிறது. 2018இல் அவர் இறக்கும்போது வயது நூறைத் தாண்டியிருந்தது.

எனக்கு இது பிடித்திருக்கிறது. கூடவே எரிச்சலும் வருகிறது. ஒரு இழை தப்பினால் எங்கள் தெருவில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். துணியை வெளிச்சத்தில் பிடித்து விரலால் அந்த இடத்தைத் தொட்டு, ஒன்றும் பேசாமல் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. நகரத்துக் கடைகளில் கைத்தறித் துணியோடு ஒரு அட்டை தொங்கும். சின்னச் சின்னக் குறைகள் இருக்கலாம், அவையே கைத்தறியின் அழகு என்கிற மாதிரி எழுதியிருக்கும். வாங்குகிறவருக்கு அழகாக விற்கப்படுகிற குறை, நெய்தவருக்குக் கூலிப்பிடித்தமாக ஏற்கெனவே கழிக்கப்பட்டிருக்கலாம். ஒரே முடிச்சு இரண்டு தடவை விலை போகிறது, இரண்டு தடவையும் நெய்தவர் கையிலிருந்து. சண்டை போட வேண்டிய இடம் இது. சிநேகிதியின் மேஜைத்தறி அல்ல.

சாதியைச் சொல்லாமல் விடமுடியாது. நெசவு என்றதும் செங்குந்தர், தேவாங்கர், சாலியர், சௌராஷ்டிரர் என்று ஒரு பட்டியல் வரும். நானே அப்படி ஒரு தெருவில் பிறந்தவன். கோலியர் நெய்த துணியைப் பற்றி அந்தப் பட்டியல் பேசாது. அவர்களும் தலைமுறை தலைமுறையாக நெய்தவர்கள். பட்டியல் சாதியில் இருப்பதால் 'பாரம்பரியம்' என்கிற சொல் அவர்கள் தறிவரைக்கும் போய்ச் சேரவில்லை. பெண்கள் விஷயமும் இதேதான். ஜெர்மனியில், எல்லாவற்றையும் புதிதாகச் செய்யப் புறப்பட்ட பாவ்ஹவுஸ் பள்ளியிலேயே, சேர்ந்த பெண்களை நெசவுப் பட்டறைப் பக்கம்தான் தள்ளினார்கள். 1922இல் சேர்ந்த ஆன்னி ஆல்பர்ஸ் கண்ணாடி வேலைக்குப் போக விரும்பியவர். வேறு வழியில்லாமல் தறிக்கு வந்து, நெசவைப் பற்றி நம் காலத்தில் யோசித்தவர்களில் முக்கியமானவராக ஆனார். எங்கள் வீட்டில் நேர் எதிர். தறி அப்பாவுக்கு. அம்மாவுக்குத் தார் சுற்றுவது, கஞ்சி போடுவது, பாவு நீட்டும்போது விடியக்காலையில் தெருவில் நிற்பது. அம்மாவை யாரும் நெசவாளி என்று சொன்னதில்லை. அவரும் சொல்லிக்கொண்டதில்லை.

போன பொங்கலுக்கு அம்மா சென்னை வந்திருந்தபோது சிநேகிதி வீட்டுக்குப் போனோம். அம்மா அந்தத் தறியை ரொம்ப நேரம் பார்த்தார். காலுக்கு வேலை இல்லை என்பது அவருக்கு ஆச்சரியம். "இதுக்கு அளவு யாரு சொல்றது?" என்று கேட்டார். யாரும் சொல்வதில்லை என்றார் சிநேகிதி. "எத்தினி நாள்ல அறுக்கணும்?" நாளெல்லாம் இல்லைங்கம்மா, நீங்க உக்காந்து பாருங்க. அம்மா என்னைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். எழுபது வயசுக்கு மேல் முதல்தடவையாக நாடாவைக் கையில் எடுத்து விட்டார். அப்பா தட்டுகிற மாதிரியே தட்டினார், சின்னத் தறி தாங்காது என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒரு விரற்கடை நெய்திருப்பார். கரை உள்ளே இழுத்துப்போய்க் கோணலாகிவிட்டது. பிரித்துச் சரி பண்ணித் தரட்டுமா என்று சிநேகிதி கேட்டார்.

"வேணாங் கண்ணு, இருக்கட்டும். காபி போடறேன்னியே, போடு" என்றார் அம்மா. நாடா கையிலேயே இருந்தது.